உறையைக் கழற்றிப் பார்க்காத கண்டென்சர்

பழைய ஸ்டீரியோ செற்றுகளில் கண்டென்சரை எப்படிச் சோதிப்பது என்று நாலு பக்கம் எழுதித் தாருங்கள், புதிதாகத் திருத்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டார்கள். பிள்ளைகளே, சோதிக்கிற முறை உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். நான் எழுதப்போவது, சோதிக்கத் தெரிந்த ஒருவன் சோதிக்காமல் விட்டதைப் பற்றி. கடையைப் பூட்டி ஒரு வருடமாகிறது. கை நடுங்குகிறது, அதனால்தான் பூட்டினேன் என்று ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கை நடுங்குவது உண்மைதான். அது எப்போது தொடங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எண்பத்துமூன்று வரை கொழும்பில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தேன். தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. எங்களுக்கு மேலே இருந்தவர் வடமராட்சிப் பக்கத்து மனிதர், சிரிக்கத் தெரியாதவர். அவருடைய மேசையில் ஒரு சின்னச் சுத்தியல் கிடக்கும். செற்றிலிருந்து கழற்றிய சாமானில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அதை மேசை விளிம்பில் வைத்து ஒரே அடி. அதன் பிறகுதான் குப்பைக்குள் போடுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஐயா, உது இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும்தானே?"

"ஓடும். அதுதான் அடிச்சனான். மேசையிலை விட்டால் ஒரு அவசரத்துக்கு நீ எடுத்துப் பூட்டுவாய். உன்ரை மூஞ்சையைப் பாக்கத் தெரியுது."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க எனக்கு அவர்மேல் ஆத்திரம். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் கடை எரிந்தது. அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. நான் அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். கையில் கறண்ட் பார்க்கிற ஒரு மீற்றரும் உடுத்த உடுப்பும்.

வீடு இணுவிலில். கடையை நல்லூரில் போட்டேன். வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த றிசீவர்கள் அப்போது ஊரெல்லாம் இருந்தன. மரப்பெட்டி, வெள்ளி முகம், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம். அந்தச் செற்றுகளை நான் பாரத்தை வைத்தே மதிப்பிடுவேன். நல்ல கொம்பனி மின்மாற்றியில் செம்பைக் குறைக்காது, கண்டென்சரில் ஊரை ஏமாற்றாது. நிலையத்தைத் தேடித் திருகும்போது அந்தச் சக்கரம் தானாகக் கொஞ்ச தூரம் ஓடி மெதுவாக நிற்கும். அப்படிப்பட்ட ஒரு செற்றைத் திறக்கும்போது, செய்தவனின் முகத்தைக் காணாமலே அவனில் மரியாதை வரும். பிள்ளைகளே, எங்களுடைய தொழிலில் ஆணவம் தொடங்குவதும் அங்கேதான். நல்ல செற்றைத் திருத்துகிறவன் தானும் நல்லவன் என்று நினைத்துக்கொள்கிறான்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கி, கறண்ட் நின்றது. பற்றரி, வயர், கண்டென்சர் எல்லாம் அரசாங்கம் தடைசெய்த சாமான்களாயின. சைக்கிள் டைனமோவில் றேடியோ பாட வைப்பதே எங்கள் வேலையாகிப்போனது.

"கறண்ட் இல்லாத ஊரிலை றேடியோக் கடை. உம்மடை துணிவை மெச்சத்தான் வேணும்" என்று குருநகரிலிருந்து வருகிற, மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டி ஒவ்வொரு முறையும் சொல்லுவார். "கறண்ட் வந்தால் பாரும், எல்லாச் செற்றும் ஒரே நாளிலை எரியும். அண்டைக்கு நீர் மாடி வீடு கட்டுவீர்."

நான் சிரித்துக்கொண்டே அவருடைய செற்றைத் திறப்பேன். அந்தக் காலத்தில் நான் ஒரு சாமானையும் எறியவில்லை. செத்த செற்றுகளிலிருந்து கழற்றியது, கடலால் வந்ததை விற்றவனிடம் வாங்கியது, எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தன. கொழும்பில் அந்த மனிதர் சுத்தியலால் அடித்திருக்கக்கூடிய சாமான்களால்தான் என் கடை இரண்டு வருடம் ஓடியது.

தடை வந்த அடுத்த வருடம் முருகேசு அண்ணை உழவு இயந்திரத்தில் ஒரு றிசீவரை ஏற்றிக்கொண்டு வந்தார். நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர். கசெற்றும் போடக்கூடிய அந்தச் செற், வளைகுடாவில் இருந்த மூத்த மகன் கொண்டுவந்து கொடுத்தது. கூடவே மகள் கலாவும் வந்திருந்தாள். பத்தொன்பது வயது, உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதைப் பற்றரியிலை பாட வைக்கேலுமோ?"

"செய்தி கேக்கவோ அண்ணை? அதுக்கு உவ்வளவு பெரிய செற் வேண்டாம். சின்ன றேடியோ ஒண்டுக்கு டைனமோ பூட்டித் தாறன்."

"செய்திக்கில்லை" என்று கலா முன்னால் வந்தாள். "சத்தத்துக்கு. நல்ல பெரிய சத்தம் வேணும்."

"கலியாண வீடோ?"

"பங்கருக்கு."

நான் பகிடி என்று நினைத்தேன். பகிடியில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, தங்கள் வீடு இருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் உள்ள சின்னப் பிள்ளைகள் பதினாலு பேருக்கு அவள் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் எல்லாரையும் வாழைகளுக்கு நடுவே வெட்டிய பங்கருக்குள் இறக்க வேண்டும்.

"குண்டு பேந்துதான் அண்ணை. முதல் பொம்மர் பதிஞ்சு வாற சத்தத்தைத்தான் அதுகளுக்குத் தாங்கேலாது. நான் கைதட்டிப் பாடிப் பாத்தன், காணாது. பாட்டுக் கசெற் ஒண்டைப் பெரிசாப் போட்டால் அதுகளும் சேந்து கத்துங்கள். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கீச்சிடக் கூடாது. கீச்சிட்டால் இன்னும் பயப்பிடுங்கள்."

"உவள் நினைக்கிறதெல்லாம் என்ரை உழவு மெசினிலை இருக்கிற பற்றரியிலைதான் வந்து முடியும்" என்றார் முருகேசு அண்ணை.

"நீங்கள் சும்மா இருங்கோ அப்பா."

எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. ஒரு நல்ல றிசீவருக்கு அதைவிட நல்ல பயன் இருக்க முடியாது என்று தோன்றியது. மின்மாற்றியை விலக்கிவிட்டு, பற்றரியிலிருந்து நேராக ஓடும்படி மாற்றினேன். ஒரு பற்றரி என்றால் பன்னிரண்டு வோல்ட், பாட்டு மெலிவாக வரும். இரண்டைத் தொடுத்தால் இருபத்துநாலு. பங்கரை நிரப்பும்.

இருட்டில், பயத்தில், சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கொழுவிவிடுவார்கள் என்று நினைத்து ஒரு டயோட்டும் போட்டேன். டயோட் ஒருவழிக் கதவு. வயரை மாற்றிக் கொழுவினால் மின்சாரம் உள்ளே போகாது. செற் பேசாமல் கிடக்கும், ஒன்றும் எரியாது. இதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் கவலையீனமாகக் கொழுவுவார்கள் என்று எண்ணினேன். மற்றவர்களுடைய பிழைக்கு இவ்வளவு யோசித்தவன் நான்.

செற்றின் பெரிய கண்டென்சர் காய்ந்துபோயிருந்தது. அது இல்லாமலும் செற் பாடும். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் அடித்தொனி உறுமும். 'அரைவாசிக்கு மேலே கூட்டாதையுங்கோ' என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். என் கையால் போகிற செற் உறுமிக்கொண்டு போவதா என்ற எண்ணம் விடவில்லை. தகரத்தைக் கிண்டினேன். ஐம்பது வோல்ட் வரை தாங்கும் என்று எழுதிய ஒன்று கிடைத்தது. கடலால் வந்த சாமான் விற்றவனிடம் வாங்கியது.

ஐம்பது வோல்ட்டுக்கு அது சின்ன உடம்பு. அதைக் கண்டேன். பூட்டும்போது பெருவிரல் பட்டு, எழுத்து இருந்த மேலுறை சுழன்றது. அதையும் கண்டேன். செய்தவன் போட்ட உறை தோல் மாதிரி ஒட்டியிருக்கும், சுழலாது. ஒரு பிளேடால் கீறிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கீறிப் பார்த்து உள்ளே வேறு எண் இருந்தால், அதற்குப் பதிலாகப் போட என்னிடம் வேறு இல்லை. வேறு இல்லை என்பதால்தான் கீறவில்லை. எழுத்து மேலே தெரியும்படி உறையைத் திருப்பிவிட்டேன். நான் செய்தது அவ்வளவும்தான்.

கடையில் அப்போது ஒரேயொரு பற்றரி இருந்தது. அதில் அரை மணித்தியாலம் பாடவிட்டேன். கண்டென்சர் சுடவில்லை. செற்றை எடுக்க வந்த கலா சத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள்.

"ரெண்டு பற்றரியிலை போட்டுப் பாக்கேல்லையோ அண்ணை?"

"ஒண்டிலை பாடினது ரெண்டிலை பாடாதோ, பிள்ளை?"

முருகேசு அண்ணை பெரிதாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். என்னுடைய பன்னிரண்டு வருட அனுபவத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. ஒரு பகிடியால் அதை மூடிவிட்டேன். உங்களிடமும் அப்படி ஒருவர் கேட்பார். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும், அல்லது ஒன்றும் படியாத கிழவனாக இருக்கும். உங்களுக்குச் சிரிப்பு வந்தால் உடனே கையிலுள்ளதைக் கீழே வையுங்கள்.

மூன்று கிழமை ஒரு வில்லங்கமும் இல்லை. மற்றப் பற்றரி உழவு இயந்திரத்தில் இருந்தது. அவர்கள் ஒன்றில்தான் போட்டார்கள்.

பிறகு ஒருநாள் பின்னேரம் பொம்மர்கள் வந்தன. நான் நல்லூரில் கடையைப் பூட்டாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு இணுவிலுக்கு ஓடினேன். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வீட்டுப் பங்கருக்குள் தாயின் மடியில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அவளுடைய கை, கால், தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். "அப்பா, கூசுது" என்றாள். கிழக்கே, நீர்வேலிப் பக்கமாகப் புகை எழுந்தது. எங்களுக்கில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளை பெற்றவர்களுக்கு அந்த நினைப்பு எவ்வளவு கெதியாக வரும் என்று உங்களுக்குப் பிறகு தெரியும்.

நீர்வேலியில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கு இரண்டு பற்றரியும் வீட்டில் இருந்தன. கலா இரண்டையும் தொடுத்தாள். பாட்டு முன்னெப்போதும் இல்லாத மாதிரிக் கேட்டதாம். பிள்ளைகள் கத்திப் பாடினார்களாம். பத்து நிமிடம் இருக்கும். செற்றுக்குள்ளே வெடிச் சத்தம். வெள்ளைப் புகை, மூச்சை அடைக்கிற நாற்றம். பங்கருக்குள்ளேயே குண்டு விழுந்துவிட்டது என்று பிள்ளைகள் வெளியே ஓடின. கலா வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். சின்னதுகள் கைக்குக் கீழாலே போய்விட்டன. பதின்மூன்று பேர் வாழைகளுக்குள் விழுந்து படுத்தார்கள். சுகி என்கிற ஏழு வயதுப் பிள்ளை தாயிடம் போவதற்காக வேலி வரைக்கும் ஓடினாள். வேலிக்கு அப்பால் குண்டு விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று.

நாலாம் நாள் முருகேசு அண்ணை கடைக்கு வந்தார். செற்றைச் சாக்குக்குள் போட்டுச் சைக்கிளில் கட்டியிருந்தார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள்.

"தம்பி, பிள்ளை வயரை மாத்திக் கொழுவிப்போட்டாள் போலை. பதட்டம்தானே. சனமெல்லாம் அப்பிடித்தான் கதைக்குது. நீர் ஒருக்காத் திறந்து பாத்துச் சொல்லும்."

மூடியைத் திறந்தேன். கண்டென்சர் வயிறு வெடித்து, கடதாசிச் சுருள் வெளியே கிடந்தது. டயோட் முழுசாக இருந்தது. ஒரு பார்வை போதும். மாற்றிக் கொழுவியிருந்தால் அந்தக் கதவால் ஒன்றுமே உள்ளே போயிருக்காது. வெடித்தது என்பதே அவள் சரியாகக் கொழுவியிருக்கிறாள் என்பதற்குச் சாட்சி. அந்த உண்மை எனக்கு மட்டும் தெரியும். முருகேசு அண்ணை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். "மாறிக் கொழுவினால் கண்டென்சர் உப்பிடித்தான் வெடிக்கும்."

கவனியுங்கள். அந்த வசனத்தில் பொய் இல்லை. மாற்றிக் கொழுவினால் கண்டென்சர் வெடிக்கும்தான். எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. இந்தச் செற்றில் அது நடக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட வசனங்களை எங்கள் தொழிலில் எல்லாரும் கைவசம் வைத்திருக்கிறோம். 'கறண்ட் கூடி வந்திருக்கும்', 'பழைய செற்தானே', 'பல்லி விழுந்திருக்கும்.' செற்றைத் திறக்கு முன்னரே அவை நாக்கு நுனிக்கு வந்துவிடும்.

முருகேசு அண்ணை தலையை ஆட்டினார். அவருடைய முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. எனக்காக வந்த ஆறுதல்.

"நல்லது தம்பி. உம்மடை வேலையிலை பிழை எண்டு ஒண்டு ரெண்டு பேர் தொடங்கினவை. நான் விடேல்லை. அந்த மனிசன் அப்பிடிச் செய்யாது எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு, "இதை நீரே வைச்சிரும். வீட்டை கொண்டுபோனால் பிள்ளை பாத்துப் பாத்து அழுவாள்" என்றார்.

அவர் போனபின் பிளேடை எடுத்தேன். உறை கருகிப் பாதியாகியிருந்தது. கீறினேன். உள்ளே பதினாறு வோல்ட் என்று இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் ஊரை ஆண்ட இயக்கம் கூப்பிட்டு விசாரிக்கிற காலம் அது. விசாரிக்கப் போனவன் எப்போது வருவான் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஒரு மகள், ஒரு கடை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு என்றால் இன்னும் கஷ்டம், ஏனென்றால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துவிடும். அப்படியே நாள் கூடக் கூட வாய் இறுகிப்போனது. கை நடுங்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

இரண்டு வருடம். செற் என் கடைத் தட்டில் சாக்கோடு இருந்தது. கலாவைப் பற்றி அவ்வப்போது காதில் விழும். ரியூசனை விட்டுவிட்டாளாம். சுகியின் தகப்பன் கொழும்பில் மாட்டிக்கொண்டிருந்தார். தாய் பத்மா தனியாகத் தோட்டக் கூலிக்குப் போகிறவள். அதனால் கலாதான் ஒவ்வொரு நாளும் சுகியைச் சைக்கிளில் ஏற்றி இரண்டு மைல் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டி வருகிறாளாம். நல்ல பிள்ளை என்று சனம் சொன்னது. செய்ததற்குச் செய்கிறாள் என்றும் சொன்னது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வாழைக்குலை கொண்டுவந்த முருகேசு அண்ணை கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"கலாவுக்குத் தெற்கிலை எஞ்சினியரிங் படிக்க இடம் கிடைச்சிருக்கு தம்பி. கடிதம் வந்திட்டுது. போகமாட்டன் எண்டு நிக்கிறாள்."

"ஏனாம் அண்ணை?"

"சுகியை ஆர் பள்ளிக்கூடம் கொண்டுபோறது எண்டு கேக்கிறாள். பேந்து இன்னொண்டும் சொல்லுறாள். ரெண்டு வயரைச் சரியாக் கொழுவத் தெரியாதவளுக்கு உந்தப் படிப்பு ஏனாம். இன்னும் மூண்டு கிழமை இருக்கு. நீர் படிச்ச மனிசன், ஒருக்கா வந்து கதைச்சுப் பாருமன்."

போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே. பதினொரு நாள் எடுத்தேன். செற்றைத் திருத்தினேன். வேறு நல்ல கண்டென்சர் தேடிப் போட்டேன். டயோட்டைத் தொடவில்லை. என் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன்.

அவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு பற்றரியையும் தொடுத்து, சிவப்பையும் கறுப்பையும் வேண்டுமென்றே மாற்றிக் கொழுவினேன். முருகேசு அண்ணை "தம்பி!" என்று பின்னால் பாய்ந்தார். கலா அசையவில்லை. செற் பேசாமல் கிடந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. பிறகு சரியாகக் கொழுவினேன். பாட்டு வந்தது. நிற்பாட்டினேன்.

கலா குந்தியிருந்து உள்ளே பார்த்தாள். வயர் போகிற வழியை விரலால் பிடித்துக்கொண்டு போய் டயோட்டில் நின்றாள்.

"உது எப்ப போட்டது?"

"முதலிலையே. உங்களுக்குத் தரேக்கையே."

"அப்ப மாத்திக் கொழுவியிருந்தால் ஒண்டும் நடந்திராது."

"ஓம்."

"அப்ப ஏன் வெடிச்சது?"

சொன்னேன். சுழன்ற உறை, ஐம்பது, பதினாறு, ஒரு பற்றரியில் மட்டும் பார்த்தது, எல்லாம். முருகேசு அண்ணை மெதுவாக வாசல் படியில் இருந்தார்.

"தம்பி, அண்டைக்கு நீர் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டுதானே சொன்னனீர்."

"ஓம் அண்ணை."

கலா அழவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

"நான் மாத்திக் கொழுவினது எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணை" என்றாள். "சிவப்பைப் பிடிச்ச கை மற்றப் பக்கம் போனது. ரெண்டு வரியமா ஒவ்வொரு நாளும் அதைப் பாக்கிறன். இப்ப நீங்கள் வந்து அப்பிடி நடக்கேல்லை எண்டுறியள். அப்ப நான் பாக்கிறது என்ன?"

ஒரு பிழையை ஒருவர் தலையில் வைத்தால் அது அங்கே வேர் விடும் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதாவது வந்து எடுத்துவிடலாம், அது வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"பிள்ளை, இன்னும் பத்து நாள் இருக்கு. நீர் போகலாம்."

"பத்மாக்காவுக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ. நான் சொன்னால் தப்பப் பாக்கிறன் எண்டு நினைப்பினம்."

வாழைகளுக்கு நடுவால் மூன்று பேரும் நடந்தோம். பத்மா வெங்காயத்தின் தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள். சுகி பக்கத்தில் கொப்பியில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ஊன்றுதடி இரண்டும் சுவரோடு சாத்தியிருந்தன. நின்றபடியே நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள், மண்ணை அள்ளி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்று நடந்தால் எனக்கு நல்லது என்றுகூட நினைத்தேன்.

பத்மா கத்தியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. கலாவைப் பார்த்தாள்.

"அப்ப நீ இனி வரமாட்டியோ?"

சுகி கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நான் கொண்டுபோறன் தங்கச்சி" என்றேன். "ஒவ்வொரு நாளும் வாறன். இணுவில் தூரமில்லை. கலா போகட்டும்."

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"உங்களோடை நான் என்ரை பிள்ளையை விடமாட்டன்."

குரலை உயர்த்தவில்லை. வெங்காயத்தை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். முருகேசு அண்ணை என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

தான் கொண்டுபோவதாக அவர் சொன்னார். அவருக்குத் தோட்டம், இடுப்பு வருத்தம். நாலு நாள் போனார், ஐந்தாம் நாள் படுத்துவிட்டார். பத்மாவின் உறவுக்காரர் ஒருவர் கூட்டிப்போகக் கேட்டுப் பார்த்தார், சுகி ஏறமாட்டேன் என்றாள். உண்மை வெளியே வந்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று நம்பிப் போனவன் நான். உண்மை வந்தது. அதால் சுகி நடந்து பள்ளிக்கூடம் போகவில்லை. கலாவில் ஒரு பிழையுமில்லை என்று இப்போது ஒழுங்கை முழுக்கத் தெரியும். முன்பு, தான் செய்ததாக நினைத்த பிழைக்காகக் கொண்டுபோனாள். இப்போது சும்மா கொண்டுபோகிறாள். அதுதான் நான் அவளுக்குச் செய்துகொடுத்த மாற்றம்.

விசாரணைக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் நான் பயந்தது நடக்கவே இல்லை. இதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் போட்டிருந்த கடைசி நாளுக்கு முதல் நாள் காலையில் மறுபடியும் நீர்வேலிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. இன்னும் ஏதாவது வசனம் என்னிடம் மிச்சம் இருப்பதாக நினைத்திருப்பேன். கலா ஒழுங்கைக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகி ஒரு கையால் வேலியைப் பிடித்துத் தானாக ஏறிப் பின்னால் இருந்தாள். ஊன்றுதடிகளைச் சைக்கிள் சட்டத்தில் கட்ட கலாவுக்கு ஒரு கை போதுமாயிருந்தது. இரண்டு வருடப் பழக்கம்.

"நாளைக்குத்தான் கடைசி நாள்" என்றேன். "நீர் படிக்க வேண்டிய பிள்ளை. என்ரை கடையிலை வைச்சு நீர் கேட்ட கேள்வியை இவ்வளவு காலத்திலை என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் நான் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் வேலைக்கு நேரமாகிறவர்கள் பார்க்கிறமாதிரித்தான் பார்த்தாள். என் சைக்கிள் ஒழுங்கையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது.

"வழியை விடுங்கோ அண்ணை" என்றாள். "பெல் அடிக்கப்போகுது."

நான் சைக்கிளை வேலியோடு ஒதுக்கினேன்.